கஞ்சி போட்ட ஐந்து கோடி

ஒரு காட்டில், மேகம் கறுத்தாலே ஒழுகத் தொடங்கிவிடும் இலவமரப் பொந்து ஒன்று இருந்தது. அதில் பவளாயி என்ற அணில் மூன்று பிள்ளைகளோடு குடியிருந்தாள். ஐப்பசி பிறக்க எட்டு நாள்தான் பாக்கி. பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது, பொந்தும் ஒழுகியது. எதை முதலில் துடைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

எதிரே தேக்குமரத்தில் காய்ந்த பொந்து ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. அது வீரபத்திரன் என்ற உடும்புக்குச் சொந்தம். அவருக்கு அந்தப் பொந்தின் நினைப்பே கிடையாது. அவருடைய நினைப்பெல்லாம் ஜெர்மனியின் அவசர நோட்டில் இருந்தது.

அவசர நோட்டு என்றால் வேறொன்றுமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தேசத்தில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று ஏறிப்போனது. அரசாங்கம் நோட்டு அடித்து மாளவில்லை. ஊருக்கு ஊர், மில்லுக்கு மில் தாங்களே அடித்துக்கொண்டார்கள். லட்சம், கோடி என்று போட்டிருக்கும், ரொட்டி வாங்கக் காணாது. அப்படி ஒரு பெட்டியை நம் காட்டு பங்களாவில் தங்கிய ஜெர்மன்காரர் ஒருவர் மறந்துவிட்டுப் போனார். பாதியைக் கரையான் தின்றது. மீதியைக் காடே சேகரிக்க ஆரம்பித்தது.

நெசவு ஊர் ஒன்று அடித்த ஆறு நோட்டு வரிசையில் வீரபத்திரனிடம் ஐந்து இருந்தது. அந்த ஊர்ப் பணத்தில் ஐந்து கோடி மார்க் என்று போட்ட நோட்டு மட்டும் இல்லை. "அதைக் கொண்டாறவங்களுக்குத் தேக்குமரப் பொந்து" என்று அவர் காடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் பிள்ளைகளின் படுக்கையை உதறிக் காயவைக்கும்போது, பஞ்சுக்கும் தேங்காய் நாருக்கும் நடுவில் இருந்து ஒரு காகிதம் விழுந்தது. எப்போதோ பங்களா அலமாரியில் இருந்து மெத்தைக்கு என்று இழுத்து வந்தது. பவளாயிக்கு ஜெர்மன் தெரியாது. சைபர் தெரியும். ஐந்துக்குப் பக்கத்தில் ஏழு சைபர் எண்ணினாள். இரண்டாம் தடவையும் ஏழே இருந்தது.

ஆனால் மூன்று பிள்ளைகள் படுத்த காகிதம். நனைக்காத இடமில்லை. பெரிய மனுசர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருளை இப்படியா கொண்டுபோவது? பூந்திக்கொட்டை போட்டு இரண்டு தண்ணீரில் அலசினாள். பங்களா காவலாளி வடித்துக் கொட்டிய கஞ்சியில் முக்கினாள். வெயில் ஏறிய பாறையில் விரித்து, மேலே தட்டைக் கல் வைத்தாள். சாயங்காலம் எடுத்தால் நோட்டு பப்படம் மாதிரி நின்றது. தன் வேலையைப் பார்த்துத் தானே சந்தோஷப்பட்டாள்.

நோட்டை வாங்கும் முன் நிபுணர் சான்று வேண்டும் என்பது உடும்பின் சட்டம். நிபுணர், குகையில் தொங்கும் ஏகாம்பரம் என்ற வௌவால். டோக்கன் வாங்கி, ஒரு கீரிக்கும் இரண்டு முயலுக்கும் பின்னால் நின்று, படிவத்தை மூன்று பிரதி எழுதினாள். அவர் தலைகீழாகப் படிப்பவர் என்பதால் படிவத்தையும் தலைகீழாகத்தான் எழுத வேண்டும். வீரபத்திரனும் ஆவல் தாங்காமல் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஏகாம்பரம் நோட்டைக் குகை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"நீர்க்குறி இருக்கு. சிவப்பு எண் இருக்கு. மேயர் கையெழுத்து இருக்கு. பின்பக்கம் வெறுமை. அவசரத்துல ஒரு பக்கந்தான் அடிச்சாங்க. அசல்."

வீரபத்திரன் எழுந்தேவிட்டார்.

"ஆனா இதென்ன விறைப்பு? துவைச்சியா?"

"ஆமாங்கய்யா. நல்லாத் துவைச்சு, கஞ்சியும் போட்டனுங்க."

நோட்டு வகைகளுக்கெல்லாம் எண் போட்டு வைத்திருக்கும் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஏகாம்பரம் சான்றில் எழுதினார்: 'எண் 29. அசல். குளித்தது. மதிப்பு இல்லை.'

"அழுக்கா இருந்தாலும் வாங்கியிருப்பேன் அம்மிணி," என்றார் வீரபத்திரன். "குளிச்சதைக் கொண்டுபோய் வெச்சா மத்த அஞ்சும் சிரிக்கும்."

சொல்லிவிட்டு வாலை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார். வெளியே இடி இடித்தது. பவளாயி சான்றையே பார்த்தாள். மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த மழைக்கு எங்கே போவது? அவள் வரிசையை விட்டு நகரவில்லை.

"ஏனுங்கய்யா, உங்க புத்தகத்துல இருபத்தொம்பது ஒண்ணுதானுங்களா?"

"இல்லை. நீர்க்குறி திரும்பி விழுந்தது 29-அ. எண் சாய்ஞ்சது 29-ஆ."

"அதெல்லாம் கெட்டுப்போனதுங்களா?"

"கெட்டுப்போனதுன்னு சொல்லக் கூடாது. வகைன்னு சொல்லணும்."

"சரிங்க. கஞ்சி போட்டது எத்தனை இருக்குதுங்க?"

"ஒண்ணுமே இல்லை."

"இருக்குதுங்களே. உங்க கையில."

ஏகாம்பரம் நோட்டை மறுபடியும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கண்ணால் பார்த்த வகையைப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டால் நிபுணருக்கு இழுக்கு. பேனாவை எடுத்தார். '29-இ. கஞ்சி போட்டது. அறியப்பட்ட பிரதி: ஒன்று.'

பவளாயி வீடு சேரும் முன்னால் சேதி உடும்பின் காதுக்கு எட்டிவிட்டது. வீரபத்திரன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மிணி, அந்த நோட்டைக் குடு!"

"அது குளிச்சதுங்கண்ணா. மத்த அஞ்சும் சிரிக்குமே?"

"குளிச்சதாவது! அது 29-இ. காட்டுலயே ஒண்ணு. அது இல்லாத ஆல்பம் ஒரு ஆல்பமா?"

தேக்குமரப் பொந்து பவளாயிக்கே என்று மரப்பட்டையில் நகத்தால் கீறிக் கொடுத்தார். அன்றைக்கே அவள் குடிபோனாள். அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் மூக்கு ஒழுகாமல் தூங்கின.

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் வீரபத்திரனுக்கு ஆல்பத்தைத் திறந்தால் மனசு ஆறவில்லை. ஒன்று விறைப்பாக நிற்கிறது, ஐந்து தொளதொளவென்று கிடக்கிறது. வரிசை என்றால் ஒன்றுபோல இருக்க வேண்டாமா? மற்ற ஐந்தையும் துவைத்துக் கஞ்சி போட்டுவிட்டார். அதைப் பார்த்துக் கீரியும் போட்டது, முயல்களும் போட்டன. ஒரு வாரத்தில் காட்டில் குடிக்கக் கஞ்சி இல்லை. ஏகாம்பரம் புத்தகத்தைத் திருத்தினார்: 'கஞ்சி போட்டவை: ஏராளம். மதிப்பு இல்லை.'

கொட்டும் மழையில் வீரபத்திரன் ஆறு நோட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேக்குமரத்தடிக்கு வந்தார்.

"அம்மிணி, ஆறையும் எடுத்துக்க. பொந்தைத் திருப்பிக் குடு."

"நான் அதை வெச்சு என்னங்கண்ணா பண்றது? பட்டையில கீறினது கீறினதுதான். மழையில நிக்காதீங்க, உள்ள வந்து தலையைத் துவட்டுங்க."

உள்ளே வந்து பார்த்தால், கஞ்சி ஊறி ஆறு நோட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. நகத்தால் நெம்பினார். பிரியவில்லை. அழப்போகிறார் என்று பவளாயி துண்டை நீட்டினாள்.

வீரபத்திரன் அழவில்லை. கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இப்படி ஆறும் ஒட்டினது புத்தகத்துல..."

முடிக்கவில்லை. துண்டைக்கூட வாங்காமல் குகையைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்.

நீதி: கைப்பொருள் கெட்டுப்போனால் அழாதே, கெட்டதற்கு ஒரு எண் வாங்கு. எண் வாங்கியதை வீட்டில் வைத்திராதே, ஊரார் கஞ்சி காய்ச்சும் முன்னால் அதைக் கொடுத்து ஒரு பொந்து வாங்கு.