நான் ஆதாயம் செய்த ஆத்துமா

ஊழியத்தில் ஆர்வம் கூடக்கூடக் காது மந்தமாகிவிடும். வேறு யாரையும் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் தமிழ்ச் சபை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறது. ஐ.டி. வேலைக்காரர்கள் வருவார்கள், நல்ல சம்பளம் கிடைத்ததும் பெங்களூருக்குப் போய்விடுவார்கள். நாற்காலிகள் காலியாகிக்கொண்டே இருந்த நேரத்தில் என்னைச் சுவிசேஷக் குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள். (வேறு யாரும் கை தூக்கவில்லை.) ஒரு வருடம் சுவிசேஷம், சீஷத்துவம் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். கேட்கிறவர் பேச்சை மாற்றப் பார்ப்பார், இடம் கொடுக்காதீர்கள் என்பது என் முதல் பாடம்.

ஒருநாள் பாஸ்டர் சாந்தமாகக் கேட்டார்: "நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க பிரதர்?"

நான் காலி நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"வர்ற ஞாயிறு ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துருவோம்."

மானம் போகிற விஷயம். அந்த வாரம் முழுக்க ஆள் தேடினேன். கடைசியில் லோத்குண்டா பஸ் ஸ்டாப்பில் ஒருவர் போனில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார். கர்த்தரே அனுப்பிவிட்டார் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நீங்க..."

"ஒரு நிமிஷம். முதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்று ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்தேன்.

"இல்ல சார், நான் வந்து..."

"சந்தேகமெல்லாம் கடைசில கேக்கலாம்."

நோவா பேழையில் ஏறும்போது அவருடைய பஸ் போனது. சிலுவைக்கு வருவதற்குள் இன்னொன்றும் போனது. மனிதர் அசையவில்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. சபைக்கு வருவீர்களா என்று கேட்டதும், "கண்டிப்பா வருவேன் சார்" என்றார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சொன்னபடி மனைவி, குழந்தையோடு வந்தார். எங்கள் சபையில் புதிதாக வருகிறவர்களை முன்னால் அழைத்து மைக் கொடுப்பது வழக்கம். அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஹைதராபாத்திலேயே பிறந்தவள், அவசரத்துக்குத் தமிழ் வராது.

"நக்கோ டாடி, நக்கோ!"

வேண்டாமாம். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நடையைக் கட்டினேன்.

"சபையாரே, இந்த வாரம் கர்த்தர் எனக்குக் கொடுத்த ஆத்துமா!" என்று முழங்கினேன். கைதட்டல் வரவில்லை. பாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்காரர் மைக்கை வாங்கினார். "என் பேர் ஜெபராஜ். பேகம்பேட்ல சென்ட்ரல் கவர்மென்ட் வேலை. மூணு வருஷமா இந்தச் சபைக்குத்தான் வர்றோம். குழந்தை அழும்னு கடைசி வரிசைல உக்காருவோம்."

ஹாலே சிரித்தது. நான் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவன். பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"பஸ் ஸ்டாப்லயே சொல்லியிருக்கலாமே!" என்று பல்லைக் கடித்தேன். மைக் அதையும் ஒலிபரப்பியது.

"சொல்லத்தான் வந்தேன் சார். அப்புறம் விட்டுட்டேன். இங்க எல்லாரும் ஸ்தோத்திரம் பிரதர்னு கைகொடுத்துட்டுப் போயிருவாங்க. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசுனது அன்னைக்குத்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மைக் ஸ்டாண்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரமே குழு ஜெபராஜ் கைக்குப் போனது. அவர் வகுப்பெல்லாம் எடுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் டீ உண்டு, யாரும் தனியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வந்தவர்கள் தங்கினார்கள். தங்கியவர்கள் அலுவலகத்து நண்பர்களை அழைத்து வந்தார்கள். இப்போது பக்கத்து வகுப்பறைகளிலிருந்து பெஞ்சு தூக்கிவந்து போடுகிறோம். எனக்கு டீ ஊற்றுகிற பொறுப்பு. பெயரைக் கேட்ட பிறகுதான் கப்பை நீட்ட வேண்டும் என்பது ஜெபராஜின் உத்தரவு.

திருநெல்வேலியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் இன்னும் கஷ்டம். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தால் போதும், என் மனைவி காதோரம் குனிந்துவிடுவாள்.

"இது உங்க சித்தப்பா மவன். ஏற்கெனவே ரட்சிக்கப்பட்டாச்சு. விட்ருங்க."