சோத்தாங்கைப் பலகை

“...அதெல்லாம் சரி மாப்ள, நீங்க விட்ட பலகை மீனைத் தேடிப் போச்சா, என்னையத் தேடி வந்துச்சா?” என்று கேட்டார் என் மாமனார். சமயநல்லூர் பக்கத்துக் கண்மாய் நடுவில், படகில், வேட்டியில் தூண்டில் முள் மாட்டிய நிலையில் ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதும் காலாட்டுவேன். (கல்யாண மேடையில் ஆட்டியது வீடியோவிலேயே இருக்கிறது.) கரையில் குந்தித் தக்கையை முறைத்துக்கொண்டிருக்கிற வேலை இப்படிப்பட்டவனுக்கு ஒத்து வருமா? அதனால்தான் செல்போனில் அந்த வித்தையைப் பார்த்ததும் துள்ளினேன். படகு போய்க்கொண்டே இருக்கும், தூண்டில் பின்னால் இழுபட்டு வரும். தூண்டில் நரம்பின் நடுவில் ஒரு சின்னப் பலகையைச் சரிவாகக் கோத்துவிட்டால் தண்ணீர் அதைத் தள்ளி, தூண்டிலைப் படகைவிட்டு ஓரமாக ஒதுக்கிக் கொண்டுபோகும். படகுக்கு மிரண்ட மீனெல்லாம் அங்கேதானே ஒதுங்கியிருக்கும்.

கல்யாணமான புதிது. மாமனார் வீட்டுக்கு ஆரப்பாளையத்திலிருந்து விருந்தாளிகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. “யாரும் கடைக்குப் போக வேணாம் அத்தை, விரால் நான் கொண்டாரேன்” என்றேன். அத்தை நம்பி மசாலா அரைத்துவிட்டார். அந்த வீட்டில் என் பெயர் நிற்பதும் கவிழ்வதும் அன்றைய குழம்பில் இருந்தது.

ப்ளைவுட்டை அறுத்தேன். படகின் வலப்பக்கத்துக்கு ஒரு சரிவு, இடப்பக்கத்துக்கு எதிர்ச்சரிவு வேண்டும். பொறுமை வலப்பக்கப் பலகை ஒன்றுக்குத்தான் இருந்தது. மறந்துவிடக் கூடாதென்று அதில் ‘சோத்தாங்கை’ என்று பெயின்டில் எழுதிவைத்தேன்.

மாமா துடுப்புப் போட்டார். நான் பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, என் சோத்தாங்கைப் பக்கம் பலகையை இறக்கினேன். நான் திரும்பியபோது கையும் கூடவே திரும்பிவிட்டது எனக்கு உறைக்கவில்லை. படகுக்கு அது பீச்சாங்கைப் பக்கம். விலகிப் போக வேண்டிய பலகை படகை ஒட்டியே வந்து டொக்கு டொக்கென்று தட்டியது.

“யாரோ கதவத் தட்டுறாக” என்றார் மாமா.

“வேகம் பத்தல மாமா. அழுத்திப் போடுங்க.”

“எம்புட்டு?”

“முடிஞ்ச அம்புட்டும்.”

போட்டார். பலகை படகுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் எழுந்து, துடுப்பைச் சுற்றிக்கொண்டது. படகு செக்குமாடாகச் சுற்றியது. பதறிப்போய் நரம்பை வெடுக்கென்று இழுத்தேன். முள் பறந்து வந்து வேட்டியில் இறங்கியது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

முள்ளைக் கழற்றிவிட்டு மாமா கரையேறினார். ரோட்டோர மீன்காரம்மாவிடம் விரால் தீர்ந்துபோயிருந்தது. அயிரைதான் மிச்சம். தூண்டில் முள்ளைவிட ஒரு சுற்றுத்தான் பெரிய மீன். பை நிறைய வாங்கினார்.

வீட்டில் அத்தை பையைத் திறந்தார். “அயிரையா? இதைத் தூண்டில்லயா பிடிச்சாரு?”

“பலகை வச்சுப் பிடிச்சாரு” என்றார் மாமா, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல்.

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் யார் எதை அளந்துவிட்டாலும், “பலகை வச்சுப் பிடிச்சதாக்கும்” என்பார்கள். (என் மகளும் சொல்கிறாள்.)

அன்று அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “ஆளுக வந்து உக்காந்தாச்சு. இம்புட்டு அயிரையையும் யாரு ஒரசிக் கழுவுறது?” என்று என்னையே பார்த்தார். அதுவரை அடுப்படியை எட்டிக்கூடப் பார்த்திராத மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். மண்சட்டியை இழுத்துப் போட்டு, கல்லுப்பை அள்ளிப்போட்டு, அயிரையை உரச உட்கார்ந்துவிட்டார்.