முள் எடுக்க உட்கார்ந்த கதை

நான் திட்டி யாரும் திருந்தியதில்லை. ஆபீஸிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள் காலையில், நான் திட்டத் திட்ட ஜனங்கள் வரிசையில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணீர் மல்க வாங்கிப் போனார்கள். வெட்கக்கேடான விஷயம் என்பதால் இத்தனை வருடம் நான் இதை வெளியில் சொல்லவில்லை. (எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அது வேறு.)

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் வெளியூர்க்காரர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. கார்த்திகை தீபம் நெருங்கினால் ஊர் எங்கள் கையை விட்டுப் போய்விடும். என் வீட்டு வாசல் கம்பியில் முன்பின் தெரியாதவர்களின் ஈர வேட்டி காயும். கதவு திறந்திருந்தால் போதும், யாரோ ஒரு குடும்பம் உள்ளே வந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்கும். கேட்காமலே கண்டுபிடித்துவிடுகிறவர்களும் உண்டு. கோபுரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "கோயில் எங்கேங்க?" என்பார்கள். சாமி கும்பிட வந்த ஊரில்தான் துப்புவார்கள், தோல் உரித்துப் போடுவார்கள், எங்கள் செம்பருத்தியை மொட்டையடிப்பார்கள். நான் ஒருமுறை 'இங்கே கால் கழுவக் கூடாது' என்று பலகை எழுதி மாட்டினேன். மறுநாள் அந்தப் பலகையைக் கழற்றிக் கீழே போட்டு, சேறு படாமல் அதன் மேல் நின்று கால் கழுவியிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டாவது வருடம். என் மனைவி செல்விக்கு நிறைமாதம். ஏழாம் மாத வளைகாப்போடு கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் சவரம் செய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் எனக்கு மார்பு வரை தாடி. மாமனார் மல்லாட்டை வியாபாரி, அதாவது வேர்க்கடலை. மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். என்னையும் அப்படித் தட்டிப் பார்த்துவிட்டு, "வேலை நல்ல வேலைதான். சாமர்த்தியம் கம்மி" என்று பொண்ணு பார்க்கப் போன அன்றே சொன்னவர். அதை என் காது படவே சொன்னார்.

தீபத்தன்று என்னை அடி அண்ணாமலையில் குடிநீர்ப் பந்தலுக்கு டூட்டி போட்டார்கள். கிரிவலம் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மூன்று டிரம், ஆறு சங்கிலி போட்ட டம்ளர், ஒரு நான். விடிவதற்குள் டம்ளரில் இரண்டு காணவில்லை. சங்கிலி இருந்தது.

எட்டு மணிக்கு ஒரு பெரியவர் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு காலில் ஊற்றினார்.

"ஐயா, அது குடிக்கிற தண்ணிங்க!"

"காலுக்கும்தான் தாகமா இருக்கு தம்பி."

இன்னொருவர் டிபன் கேரியரை அலம்பினார். வேறொருவர் தன் குழந்தையைத் தூக்கி அப்படியே டிரம்முக்குள் இறக்கினார். பதறிப் போய்க் கேட்டதற்கு, "சின்னக் குழந்தைதானே, எவ்வளவு அழுக்கு இருந்துடப் போவுது?" என்றார். நான் பாய்ந்து குழந்தையை வெளியே எடுத்தேன். அது என்னைத் தலை முதல் கால் வரை நனைத்துவிட்டது. (எல்லாம் டிரம் தண்ணீர் என்றுதான் இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.)

சட்டையைக் கழற்றி, பக்கத்தில் இருந்த புங்க மரத்தின் கிளையில் கட்டிக் காயப் போட்டேன். அரை மணி கழித்து எடுக்கப் போனால், அதைச் சுற்றி ஏழெட்டுத் துணி கட்டியிருக்கிறது. மஞ்சள் துணி, ரவிக்கைத் துணி, ஒரு கைக்குட்டை. நான் என் சட்டை முடிச்சில் கை வைத்ததும் ஓர் அம்மாள் என் கையில் ஓர் அடி போட்டார்.

"யாரோ வேண்டிக்கினு கட்டினதை அவுக்கிறியே, நல்லாயிருப்பியா நீ?"

"அது என் சட்டைம்மா."

"அப்போ என்னத்துக்குக் கட்டினே?"

சட்டையை மரத்துக்கே விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் பந்தலில் விட்டிருந்த செருப்பும் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆபீஸ் பியூன் காதர் பாய், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார்.

"சார், உங்க மாமனார் ஆபீசுக்கு போன் பண்ணாரு. வூட்ல அம்மாவுக்கு வலி கண்டுடுச்சாம். மல்லாட்டை வேனை எடுத்துனு அவரே வந்துனு இருக்காராம். உள்ள வுட மாட்டாங்க, அதனால காஞ்சி ரோட்டு முனையில நிப்பாராம். பத்தரைக்குள்ள நீங்க அங்க வந்துடணுமாம். 'இதையாவது ஒழுங்கா செய்யச் சொல்லு'ன்னாரு."

"அதையும் சொல்லச் சொன்னாரா?"

"அதைத்தான் சார் ரெண்டு வாட்டி சொன்னாரு."

பந்தலை பாயிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். சைக்கிள் கேட்டேன். "எடுத்துனு போங்க. ஆனா நீங்க அதும்மேல போவ முடியாது, அதுதான் உங்க மேல வரும்" என்றார். வெறுங்காலோடு நடந்தேன். காஞ்சி ரோட்டு முனை ஒன்றும் தூரமில்லை. மற்ற நாளில் அரை மணி நேரம். அன்றைக்கு ரோடு என்று ஒன்று இருந்தால்தானே! ஒரு குடும்பம் குறுக்கே ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "இது ரோடுங்க" என்றேன். "உக்காருங்க தம்பி, நிறைய இருக்கு" என்று ஓர் இலையை நீட்டினார்கள். அதைத் தாண்டினால் பத்துப் பேர் கைகோத்து, மலையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார்கள். தூறல் வேறு. யாரோ போட்ட பழத்தோலில் கால் வைத்தேன். செம்மண் சேற்றில் முழுசாக ஒரு புரளல். எழுந்தபோது என் வெள்ளை வேட்டி நல்ல காவியாக இருந்தது. இரண்டடி வைப்பதற்குள் வேலிகாத்தான் முள் ஒன்று இடது உள்ளங்காலில் ஏறியது.

ஓரத்துப் பாறை ஒன்றில் உட்கார்ந்தேன். இடது காலைத் தூக்கி வலது தொடை மேல் போட்டேன். முள்ளை நகத்தால் நிமிண்டினேன். வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். தாடி, வெற்று மார்பு, காவி, பாறை, மூடிய கண். இதைத் தவிர நான் செய்த குற்றம் எதுவும் இல்லை.

ஏதோ காலில் பட்டது. கண்ணைத் திறந்தால், முள் குத்திய அதே இடத்தில் ஓர் அம்மாள் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"அய்யோ! எழுந்திரும்மா! போ! போய்த் தொலை!" என்று அலறினேன்.

அம்மாள் எழுந்தார். முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம். "திட்டிட்டாரு!" என்றார்.

அவர் மெட்ராஸிலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் வந்தவர். கூடவே அந்தக் கூட்டத்தை மேய்த்து வந்த ஒருவர், கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். அதை ஓங்கி ஒரு ஊது ஊதினார். "எல்லாரும் இங்க வாங்க! இந்த ஊர்ல சித்தருங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு பஸ்லயே சொன்னேன் இல்ல? நல்ல வார்த்தை பேச மாட்டாங்க. திட்டு வாங்கினா நினைச்ச காரியம் முடிஞ்சுது. விடாதீங்க!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "யோவ், நான் சாமியார் இல்லய்யா. நான் ஒரு குமாஸ்தா!"

விசில்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நம்ம பாவ புண்ணியத்தை எழுதுற குமாஸ்தாவாம்."

"ஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு எழுந்தது.

"என் பொண்டாட்டிக்குப் பிரசவம்யா! வழி விடுங்க!"

"லோகமாதாவைச் சொல்றாரு. புதுசா ஏதோ பொறக்கப் போவுது."

ஒரு வெள்ளைக்காரர் என் மூக்குக்கு எதிரே காமிராவை வைத்து மூன்று முறை அமுக்கினார். (எந்த நாட்டிலோ எந்த வீட்டுச் சுவரிலோ நான் இன்னும் முள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.) யாரோ என் கழுத்தில் மாலை போட்டார்கள். கையில் தேங்காய் வந்தது. நெற்றியில் விபூதி. நான் ஒவ்வொருவராகத் திட்டினேன். "கண்ட இடத்துல துப்பாதே!" "தோலை ரோட்டுல போடாதே, உன் வீட்டு ஹாலா இது?" "அடுத்தவன் வாசல்ல வேட்டி காயப் போடுவியா?" "குடிக்கிற தண்ணியில கால் கழுவுவியா?" ஒவ்வொருவரும் குறுகி நின்று, "இனிமே செய்ய மாட்டேன் சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். கூட்டம் விடவில்லை, அதனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். எழுந்திருக்க முடிந்திருக்கும். முள் வந்துவிட்டது. இடது பக்கம் வழியும் இருந்தது. ஆனால் இருபத்தேழு வயது வரை நான் சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. பலகை எழுதினேன், கேட்கவில்லை. பந்தலில் கத்தினேன், கேட்கவில்லை. இங்கே ஒரு ஜனக்கூட்டமே காது கொடுத்துக் கேட்கிறது! ஊரின் சார்பாக இவர்களையெல்லாம் ஒரு வழி பண்ணிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். கூட்டம் முண்டியடித்தபோது, "ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க! பொம்பளைங்க தனி வரிசை!" என்று ஒழுங்குபடுத்தியதும் நான்தான். குமாஸ்தா புத்தி. அங்கே செல்வி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். இங்கே நான் வரிசை கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பயலை ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

அரை மணி போயிருக்கும். தொண்டை கட்டிப் போய், பெரியவர் ஒருவரை விரட்டிவிட்டு, "அடுத்து!" என்றேன். அடுத்து வந்தவர் தூறலில் நனைந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்ணை இறுக மூடிக் கும்பிட்டார். மல்லாட்டை மூட்டையைத் தட்டுகிற அந்தக் கை எனக்குத் தெரியாதா?

"சாமி, நான் கீழ்பென்னாத்தூரு" என்றார் என் மாமனார். "பொண்ணுக்கு வலி எடுத்துனு இருக்குது. நல்லபடியா ஆவணும். மாப்ளயை இட்டுனு போவ வந்தேன். ரோட்டு முனைக்கு வரச் சொன்னேன், ஆளைக் காணோம். உருப்படாத பையன் சாமி. ஒரு காரியத்துக்கு ஆவ மாட்டான். ஆனா பொண்ணு அவன் எங்கன்னுதான் கேட்டுனு இருக்குது. அவன் எங்க இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

"நான்தாங்க மாமா" என்றேன்.

விசில்காரர் உருகிப்போனார். "ஆகா! 'தேடுறவனும் நான், தொலைஞ்சவனும் நான்'னு சொல்றாரு!"

மாமனார் கண்ணைத் திறந்தார். துண்டின் நுனியில் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். என் தாடியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கையில் இருந்த தேங்காயைப் பார்த்தார். பின்னால் திரும்பி அந்த நீண்ட வரிசையைப் பார்த்தார்.

"மாப்ள," என்றார், குரலை உயர்த்தாமல். "வந்து வண்டில ஏறுங்க."

என் கையைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான், கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "யாருய்யா நீ? சாமியை எங்க இழுத்துனு போறே?"

"எங்க வூட்டுக்கு!"

"குடுத்து வச்சவரு!" என்று யாரோ கத்தினார்கள். பத்துப் பேர் மாமனார் காலில் விழுந்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் கூட்டம் தானே வழிவிட்டு, வேன் வரை எங்களை ஊர்வலமாகக் கொண்டுபோய் விட்டது. கீழ்பென்னாத்தூர் வரை மாமனார் ரோட்டை மட்டும் பார்த்து வண்டி ஓட்டினார். பாதி வழியில் ஒரே ஒரு தடவை தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குக் கால் மணி முன்னால் பெண் குழந்தை பிறந்துவிட்டது. நான் பக்கத்தில் இல்லை. செல்வி களைத்துப் போய்ப் படுத்திருந்தாள். உள்ளே நுழைந்த என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெத்தது நான்," என்றாள். "உங்களுக்கு எதுக்கு மாலை?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மாமனார் தொடங்கிவிட்டார். கண்ணாடியைத் துடைத்தது முதல், தன் காலில் பத்துப் பேர் விழுந்தது வரை. மருத்துவச்சியே சிரித்து முடிக்க நேரமானது. அன்று முதல் அவர் கண்ணை மூடும் வரை என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. "சாமி சாப்ட்டாச்சா?" "சாமிக்கு இன்னும் ரெண்டு இட்லி வை." அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. அந்த ஒரு நாள், என் கோபத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. மனுஷனுக்குக் கோபம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு நாள், அன்று பிறந்த அதே மகள், ஊருக்கே விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்தாள். போகிறேன், வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நியாயமான கோபம். கூடத்தின் நடுவில் நிறுத்தி, பொறுப்பில்லாதவள், பெரியவர்கள் பேச்சை மதிக்காதவள் என்று மூச்சு விடாமல் திட்டினேன். அவள் தலை குனிந்து, கைகட்டி, அசையாமல் நின்று கேட்டாள். பரவாயில்லை, உறைத்துவிட்டது போலிருக்கிறது என்று நிறுத்தினேன்.

அவள் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்து, "அம்மா, தம்பியையும் வரச் சொல்லு, அவனுக்கும் நாளைக்குப் பரீட்சை" என்றாள். என் பக்கம் திரும்பி, "எனக்கு நாளைக்கு இண்டர்வியூ இருக்குப்பா. இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றாள்.