அக்காவின் தோசைக்கல்லுக்கு நான் செய்த மரியாதை

என் அக்காவின் தோசைக்கல்லைக் கெடுத்தவன் நான்தான். கைதவறி அல்ல, மெனக்கெட்டு, ஆள் வைத்துக் கெடுத்தேன்.

அக்கா ஃபிலோமினாவும் என் மனைவி ரீத்தாவும் ஒரு கல்யாணப் பந்தியில் மனத்தாங்கலாகி, பல வருடம் பேசாமலே இருந்தார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கூட்டம். தோசைக்கு ஒரு கல் போதாதென்று கேள்விப்பட்ட அக்கா, பாப்பாரப்பட்டியிலிருந்து தன் மாமியார் காலத்து வார்ப்பிரும்புக் கல்லைக் கொடுத்தனுப்பினாள். "சப்பாத்தி மட்டும் போட வேணாம்னு ரீத்தாகிட்ட சொல்லு" என்று தூதும் வந்தது. பெயர் சொல்லிவிட்டாளே என்று ரீத்தா அன்று முழுக்கப் பூரித்துப்போனாள்.

இரவல் பாத்திரத்தைத் துலக்கித்தானே திருப்பித் தர வேண்டும்? கல்லோ அட்டைக்கரி. ரீத்தா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சோப்புத்தூள், எலுமிச்சை, செங்கல்பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. (வேதியியலில் பட்டம் வாங்கியவன், விடுவேனா?) வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"எதுவரைக்கும் எடுக்கறதுங்க சார்?"

"பளபளன்னு வர்றவரைக்கும்."

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தார்கள். வெள்ளித் தாம்பாளம் போல வந்தது. வெறுமனே தரக்கூடாதென்று மேலே சர்க்கரைப் பொட்டலம் வைத்து, நானே பஸ் ஏறினேன்.

அக்கா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கல்லு அழுக்குன்னு உம் பொண்டாட்டி சொன்னாளா?"

"அவ கோயில்ல இருந்தாக்கா."

அவள் நம்பவில்லை. மாவை ஊற்றினாள். ஒட்டியதைத் தோசைக்கரண்டியால் சுரண்டித் தட்டில் போட்டு, "தின்னு" என்றாள்.

கல்லோடு வீடு திரும்பினேன்.

"இத்தன வருசம் கழிச்சு பேச ஆரம்பிச்சாங்க. அதையும் கிரைண்டர்ல குடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றாள் ரீத்தா. அதன்பின் என்னோடும் பேசவில்லை.

பரிகாரமாகக் கல்லைப் பழக்க உட்கார்ந்தேன். ஆளுக்கொரு யோசனை. கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்தேன், துரு பூத்தது. எண்ணெய் தடவிக் காய்ச்சினேன். வீடே புகைந்தது, கல் மட்டும் பிசுபிசுத்தது. வெங்காயம் கூடை கூடையாக வதங்கிக் கருகியது. பொறுக்கமாட்டாமல் ரீத்தாவே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, உங்க தம்பி கல்லுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறாருங்க. ஊருல சொன்னா சிரிப்பாங்க."

அந்தப் பக்கமிருந்து, "அப்ப அவன் வேலைதானா அது?" என்று கேட்டது. "ரொம்ப தேய்க்க வேணாம்னு சொல்லு. அடுப்ப விட்டுத் தள்ளி உக்காரச் சொல்லு."

அன்றிலிருந்து தினமும் காலையில் போன். தவக்காலம் முடிவதற்குள் கல் கறுத்து, தோசை எழும்பி வந்தது. அதைச் சொல்லலாமென்று போனால் யாரும் காதில் வாங்கவில்லை. பேச்சு அதற்குள் என் மற்ற குறைகளுக்குப் போயிருந்தது.

இப்போதும் அக்கா வீட்டிலிருந்து மீன்குழம்புத் தூக்குவாளி வந்தாலும், கூடவே சேதி வரும்: "கழுவ வேணாம். அப்பிடியே குடுத்தனுப்புங்க."