பால்ச்சாமி தாத்தா நெற்றியில் லண்டன் ராஜா

சோழபுரம்,
ஆவணி 12, வியாழக்கிழமை.

என் மகன் முத்துக்குமரன் பெற்ற செல்வமும், சீமையில் நர்சம்மாவாக இருந்து நம் குடும்பத்துக்குப் பேர் வாங்கித் தந்தவளுமாகிய பேத்தி யுவராணிக்கு, ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்குச் சோப்பு டப்பா பரிசு வாங்கிய உன் அப்பத்தா கனகலட்சுமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே தாத்தாவின் முட்டுவலி தவிர எல்லாரும் சுகம். மாடு சினையாக இருக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டுப் போனில் நீ பேசினால் தெருமுக்கு வரை கேட்கும். இது உன் அப்பன் காதில் விழக்கூடாத சங்கதி. படித்ததும் கிழித்துவிடு.

உன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு நாணயம் வாங்கி அனுப்பினாயே, உங்கள் ஊர் ராஜா பட்டம் கட்டிக்கொண்டதற்காகப் போட்டது, ஏழு மூலை உள்ளது, அது இப்போது என்னிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ "பத்திரமா இருக்கா அப்பத்தா?" என்று கேட்டதற்கு, "படத்துக்குக் கீழ மாலை போட்டு வச்சிருக்கு தாயி" என்று சொன்னேன். அது பொய். முழுப் பொய்யும் இல்லை. படத்துக்குக் கீழேதான் இருக்கிறது, மாலையும் போட்டிருக்கிறது. நம் வீட்டுப் படம் இல்லை, அவ்வளவுதான்.

நீ அதைப் பிளாஸ்டிக் வில்லைக்குள் மூடி அனுப்பியிருந்தாய். மூடி வைத்தால் யார் நம்புகிறார்கள்? தாத்தாவின் தங்கை மாடத்தி, "மதினி, இது பிள்ளைக கடை வச்சு விளையாடுத காசு மாதிரில்லா இருக்கு" என்று என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். அதனால் வெளியே எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். காட்ட வேண்டும் என்று எங்கேயும் கொண்டுபோனதில்லை. கையோடு இருந்தது. காதுகுத்து, வளைகாப்பு, ரேஷன் கடை, கண் ஆஸ்பத்திரி என்று போன இடத்தில் கேட்டவர்களுக்குக் காட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தன்று மட்டும் கேட்காதவர்களுக்கும் காட்டினேன். கூட்டம் அப்படி.

போன வெள்ளிக்கிழமை இரண்டு தெரு தள்ளி நம் பால்ச்சாமி தாத்தா காலமானார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும். அவருடைய அப்பா சுதந்திர மறியலில் ஜெயிலுக்குப் போனவர். இவர் எட்டு வயதில் வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய காரின்மேல் சாணி உருண்டை எறிந்தவர். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் அதை நடித்துக் காட்டாமல் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கமாட்டார். வருஷத்துக்கு வருஷம் உருண்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. சீமைப் பழக்கம் என்று பிஸ்கட் கூடத் தொட்டதில்லை. உன் நாணயத்தை நான் காட்டப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பயலக் கொண்டுபோயி தொழுவத்துல போடு தாயி" என்றார்.

குளிப்பாட்டி உட்கார வைத்தாயிற்று. நெற்றியில் ஒட்ட ஒத்தை ரூபாய் வேண்டும். அம்புட்டுக் கூட்டத்தில் ஒருத்தரிடமும் சில்லறை இல்லை. எல்லாரும் போனைத் தட்டிக் காசு கொடுக்கிறவர்கள். மூத்த மகன் சௌந்தரபாண்டியன், போலீசில் ஏட்டையாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், "ஒரு ரூபா இல்லையாய்யா இந்த ஊர்ல?" என்று சத்தம் போட, அவர் மகன் முத்துப்பாண்டி பழக்கதோஷத்தில் போனை நீட்டினான். "ஏலே, இதையா தாத்தா நெத்தில ஒட்டச் சொல்லுத?" என்று கையை ஓங்கப் போய்விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தக் காலத்திலும் சில்லறை இல்லாமல் நான் வெளியே போனதில்லை. பையை அவிழ்த்து, கண்ணாடி இல்லாமல், கண்ணில் தண்ணீரோடு துழாவி எடுத்து மாடத்தி கையில் கொடுத்தேன். அவள் சந்தனத்தைக் குழைத்து அப்பி ஒட்டிவிட்டு ஒப்பாரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

செத்த நேரம் கழித்து, பேனர் அடிப்பதற்காக முத்துப்பாண்டி போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். "எப்பா, இங்க வாங்க. தாத்தா நெத்தில ஒரு வெள்ளக்காரன் இருக்கான்."

ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கிரீடம் வைத்துக்கொண்டு ராஜா பளபளவென்று இருந்தார். சௌந்தரபாண்டியனுக்குப் பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது. "யாரு வச்சது? ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது" என்றார். மாடத்தி கொஞ்சமும் கூசாமல், "மதினிதான் குடுத்தாக. நான் ஒட்ட மட்டும்தான் செஞ்சேன்" என்றாள்.

கை தவறிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாணயம் அந்த நிமிஷமே பைக்குத் திரும்பியிருக்கும். ஆனால் வத்திராயிருப்புச் சம்பந்திமார் வரைக்கும் நின்று பார்க்கிறார்கள். காசு பார்த்துக் கொடுக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கவா நான் ஐந்தாவது வரை படித்தேன்? வாயில் வந்ததைச் சொன்னேன்: "வேணும்னுதான் குடுத்தேன். மாமா எந்தக் கூட்டத்து மேல சாணி எறிஞ்சாகளோ, அந்தக் கூட்டத்து ராஜாவே இன்னைக்கு அவுக நெத்தியில பொட்டா ஒட்டிக்கிட்டுக் கூட வாரான். இதவிட என்ன மரியாதை செய்யணும்?"

சௌந்தரபாண்டியன் என்னையே பார்த்தார். பிறகு, "மதினி, பெத்த மகன் எனக்கு இது தோணலையே!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மைக்கை வாங்கி ஊருக்கே அறிவித்தார். கை தட்டினார்கள், யுவராணி. எழவு வீட்டில் கைதட்டு வாங்கியவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான்.

அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தீ வைக்கும் முன் நெற்றிக் காசை எடுத்துக்கொள்வது சுடுகாட்டில் வேலை பார்க்கும் சந்தனத்தின் பாத்தியதை. பாடை கிளம்பும் முன் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "அது என் பேத்தி அனுப்புனது, எடுத்து வையி, பொறவு வந்து வாங்கிக்கிடுதேன்" என்றேன். "நீங்க வேற தாயி! ராஜாவும் சேந்து எரியணும்னு மைக்குல சொல்லியாச்சு. நான் எடுத்தேன்னா ஏட்டையா என்னையும் சேத்து வச்சிருவாக" என்றார்.

மறுநாள் சாம்பல் அள்ளப் போனார்கள். ராஜா எரியவில்லை. கறுத்துப்போய் எலும்போடு கிடந்தாராம். சௌந்தரபாண்டியன் அதைப் புளி போட்டுத் தேய்த்து, தாத்தா படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் பதித்து, "எங்கள் தந்தையாரிடம் தோற்றவர்" என்று கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருக்கிறார். ஆனால் படத்துக்குப் போடுகிற மாலை நீளம். அது ராஜா கழுத்துக்கும் சேர்த்து விழுகிறது. ஊதுபத்தியும் இரண்டு பேருக்கும் பொது. வருகிறவர்கள் இரண்டு பேரையும் ஒரே கும்பிடாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பிஸ்கட் தொடாத மனுஷன் படத்துக்குள்ளிருந்து என்னைத்தான் முறைக்கிறார்.

துக்கம் கேட்கிற சாக்கில் நானும் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். "மதினிக்கு அப்பா மேல எம்புட்டுப் பிரியம்" என்று காப்பி தருகிறார்கள். எப்படித் திருப்பிக் கேட்பது? கேட்டால் அன்றைக்கு மைக்கில் சொன்னதெல்லாம் என்னாவது? நீ கால் கடுக்க நின்று சம்பாதித்த முதல் சம்பளத்தை, ஒரு கைதட்டுக்கு ஆசைப்பட்டு நெருப்பில் போட்டுவிட்டேன். தையில் நீ வரும்போது உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் இப்போது என் கவலை. அப்பத்தாவை மன்னித்துக்கொள். இனி எனக்கு எந்த ஊர் ராஜாவும் வேண்டாம். நாணயம் கீணயம் ஒன்றும் அனுப்பாதே. என் பெருமையெல்லாம் அந்தச் சாம்பலோடு போயிற்று.

ஆண்டாள் தாயார் உனக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கட்டும். தாத்தாவும் மாடும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் நலம் வேண்டும்,
அப்பத்தா கனகலட்சுமி.

பின்குறிப்பு: மேலே வேண்டாம் என்று எழுதியது ராஜாவைத்தான். உங்கள் ஊர்ப் பழைய ராணியம்மா பட்டமேறி எழுபது வருஷம் ஆனதற்கு ஒரு நாணயம் போட்டார்களாமே, குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. முத்துப்பாண்டி போனில் காட்டினான். அதில் இரண்டு அனுப்பு. ஒன்று மாடத்தியிடம் காட்ட. மற்றது என் நெற்றிக்கு. என் காலம் வரும்போது இந்த ஊரில் எவரிடமும் சில்லறை இருக்காது. உன் தாத்தா உயிரோடு இருக்கையில் என் நெற்றியில் இன்னொரு ஆம்பளை தலையை ஒட்டினால் மனுஷன் தாங்கமாட்டார். ராணியம்மா என்றால் ஒரு பேச்சும் இல்லை. போகிற வழிக்குக் குதிரையும் ஆயிற்று.