இருநூறு பேருக்கான சோறும் நான் ஒருத்தியும்

பாசமும் மரியாதையும் குறையாத மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. இங்கு நான் நலம். பாத்திரங்களின் நலம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கு தாங்களும் அத்தையும் ஆலை கேன்டீனும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான்; அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

தங்களது "எளிய சமையல்" தாள் கிடைத்தது. தினம் இருநூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற கை என்பதால் அளவெல்லாம் இருநூறு பேருக்கே இருந்தது. அடியில் "உனக்கு வேண்டியதை வகுத்துக்கொள்" என்று எழுதியிருந்தீர்கள். கணிதம் படிக்கிறவளிடம் இப்படிச் சொல்லலாமா? முப்பது கிலோ அரிசி நூற்றைம்பது கிராம் ஆனது, சரி. நாற்பது நிமிட வேக்காடு பன்னிரண்டு விநாடி ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கினேன். அறைத்தோழி ஒரு வாய் வைத்துவிட்டு, "கணக்கு சரிதான்டி, அரிசிக்குத்தான் தெரியல" என்றாள். மறுநாள் நேரத்தை வகுக்கவில்லை. ஆனால் அண்டாவை இறக்க நாலு பேர் என்று போட்டிருந்தீர்களே, அதை வகுத்ததில் ஆளே தேவையில்லை என்று வந்தது, ஆகவே யாரும் இறக்கவில்லை; பாத்திரத்தின் அடி கரியாகிவிட்டது. மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்னம்மா எரியுது?" என்றார். "சோறு" என்றேன். போய், ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை அம்மா வந்து என் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறார். வாயில் வைக்க முடியவில்லை என்றால் என்னைப் பெரியம்மா வீட்டுக்கு மாற்றிவிடுவார். அங்கே ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒன்பதே காலுக்கு விளக்கைப் போட்டு நான் தூங்கிவிட்டேனா என்று பார்ப்பார்கள். எனக்கு இந்த அறை வேண்டும் மாமா, நினைத்தாலே அழுகையாக வருகிறது. "பிள்ளை நல்லாத்தான் சமைக்குது, நீ எதுக்கு அலையிற" என்று தங்கள் தங்கைக்கு ஒரு போன் போட்டு எப்படியாவது தடுத்துவிடுங்கள். இன்று மூன்றாம் முறையாகச் சோறும் உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்திருக்கிறேன். சோறு சோற்றின் நிறத்தில்தான் இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் கரண்டி என்றும் ஓயாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசியை எதிர்பார்க்கும் மருமகள்

பி.கு.: போன் போட வேண்டாம். சனிக்கிழமை வரை பொறுக்காமல் அம்மா இப்போதே வந்துவிட்டார். இருந்ததைப் போட்டேன். சாப்பிட்டு, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "உப்பு கம்மி" என்றார். அப்புறம், "என்னை உக்கார வச்சு ஒருத்தர் சோறு போட்டு இருபது வருஷமாச்சு" என்றார். நான் தட்டை எடுத்துக் கழுவப் போனேன். நிமிர்ந்து பார்த்தால், தான் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து துணிமணியை என் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். என் பரீட்சை முடியும்வரை இங்கேதானாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு என்ன சமையல் என்று கேட்கிறார், மாமா.