நின்ற இதயத்தைப் பற்றி மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் மோட்டார் பட்டறையும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்க ஆபரேஷன் என்று தெரிந்தும் நீங்கள் வரவில்லை. போகட்டும். முந்தின நாள் உங்கள் தங்கைக்குப் போன் செய்து, "இதயத்தை நிறுத்திட்டுத்தான் தைப்பாங்களாமே. நின்ன மோட்டார் திரும்ப எடுக்கும்னு என்ன நிச்சயம்? நான் எத்தனை பாத்திருக்கேன்" என்றீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பீர்கள். இவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவரம்மா வந்து அரைமணி நேரம் விளக்கினார். "நிறுத்துறதே அந்தத் தசையைக் காப்பாத்தத்தாம்மா. ஜில்லுனு ஒரு மருந்தை இதயத்தோட ரத்தக்குழாய்ல விடுவோம். துடிக்காம, பசிக்காமத் தூங்கும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் மறுபடி கொடுப்போம். அதுவரைக்கும் உடம்புக்கு மெஷின் ரத்தம் அனுப்பும்." உங்கள் தங்கை கேட்டாள்: "எங்கண்ணன் மெக்கானிக். அவரே சந்தேகப்படறாரே?" மருத்துவரம்மா என்னைப் பார்த்தார். மச்சான், நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? கடைசியில் நானே கையெழுத்துப் போட்டேன், அதுவும் நோயாளி பெயர் எழுதுகிற இடத்தில். "ஆபரேஷன் சாருக்கா?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் புதுப் படிவம் தந்தார்.

எழுபது நிமிடம் என் மகளின் இதயம் நின்றிருந்தது. தைத்து முடித்து, வெதுவெதுப்பான ரத்தத்தைத் திரும்ப விட்டும் உடனே எடுக்கவில்லையாம். ஆறு நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்களாம், பிறகு தானாகவே துடித்ததாம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல வந்த மருத்துவரம்மா இந்த ஆறு நிமிடத்தையும் சேர்த்துச் சொன்னார், நான் விழுந்துவிட்டேன். எனக்கும் ஒரு கட்டில், எனக்கும் ஒரு குளுக்கோஸ் பாட்டில். உங்கள் தங்கை தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கும் என் கட்டிலுக்குமாகத் தனியாக நடந்துகொண்டிருந்தாள். கூடப் பிறந்தவர் என்று ஒருவர் அங்கே இருந்திருந்தால் கொஞ்சம் உட்காரவாவது செய்திருப்பாள். ஆகவே இனி எங்கள் வாசற்படி மிதிக்க வேண்டாம். போனும் வேண்டாம்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்.

பி.கு.: இன்று காலை சுவாசக் குழாயை எடுத்தார்கள். நாலு வயதுக் குழந்தை, கம்மின தொண்டையில் பேசின முதல் பேச்சு, "மாமா வந்தாச்சா?" மூன்று நாள் தாடியோடு எதிரே நிற்கிறவன் நான். என்னைக் கேட்கவில்லை. உடனே கிளம்பி வாருங்கள். பார்வை நேரம் நாலிலிருந்து ஐந்து வரை. உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். நான் வெளியே நின்றுகொள்கிறேன்.